சம்பந்தி காரின் நீலப் புகை

மெக்கானிக்குக் காலையிலேயே தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருந்தது. இருந்தும் சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்ற பழைய கார், சம்பந்தியின் அப்பா காலத்து வண்டி. போன வருஷம்தான் எஞ்சினை இறக்கி, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தார். இப்போது அது ஆயில் குடிக்கிறது. முதலில் கொஞ்சமாகத்தான் ஆரம்பித்தது, இப்போது மொடாக்குடி.

மகள் இந்த வீட்டு மருமகள். "லேப் வேலைக்குத் திரும்பப் போகணும், மாமாகிட்ட நீங்க பேசுங்கப்பா" என்று போனில் கெஞ்சாத நாளில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? செய்து கொடுத்த வேலையே சந்தி சிரிக்கிறது. சம்பந்தி நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை. மனிதர் சிரித்துக்கொண்டே டீ கொடுக்கிறார், அதுதான் பிடுங்கித் தின்றது.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. முனகிக்கொண்டே எழுந்து, "ஓட்டுங்க சம்பந்தி, பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்றார்.

சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப் போனார்கள்.

"கொஞ்சம் மிதிங்க."

"ஐயோ, மாட்டேன். நீங்க சரி பண்ணிக் கொடுத்த நாள்லேருந்து பூப்போலத்தான் ஓட்டறேன்."

"யாரு சொன்னா அப்படி?"

"நீங்கதான்! சாவியைக் கொடுத்தப்போ 'பாத்து ஓட்டுங்க'ன்னு சொன்னீங்களே!"

சொல்லித் தொலைத்திருந்தார். வண்டி எடுப்பவர் எவரானாலும் அவர் வாயில் தானாக வரும் வார்த்தை அது. ஆனால் புது ரிங் சிலிண்டரோடு உரசிப் படிய வேண்டுமென்றால் முதல் கொஞ்ச நாள் எஞ்சின் நன்றாக உழைக்க வேண்டும். தாலாட்டினால் சிலிண்டர் கண்ணாடியாய் வழவழத்துப்போகும். ஆயில் மேலேறி எரியும்.

இடம் மாறி உட்கார்ந்து, மேட்டில் மிதித்து ஏற்றினார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில், ஆயில் எரியும் நீலப் புகை தெரிந்தது. மறுபடியும் இறக்கிப் பிரிக்க வேண்டும். நினைக்கும்போதே தோள் வலித்தது.

"தப்பு உங்க மேல இல்ல சம்பந்தி, என் வாய் மேலதான்" என்று விளக்கிச் சொன்னார். சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், சுற்றி வளைக்கத் தெம்பில்லாமல், "பொண்ணு வேலைக்குப் போகட்டும் சம்பந்தி" என்று போட்டு உடைத்தார்.

சம்பந்திக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அவளுக்கு இங்க என்ன குறை? ஒரு துரும்பை எடுத்துப் போட விடறோமா? கல்யாணத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாத்துக்குங்க'ன்னு நீங்கதானே அழுதீங்க?"

மெக்கானிக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. சாவியைக் கழற்றி சம்பந்தியின் கையில் வைத்தார்.

"நான் சொன்னதையெல்லாம் கேட்டீங்க. அவ சொல்றதையும் ஒரு தடவை கேளுங்க சம்பந்தி."