மஞ்சள் பை விமான நிலையம் போன வழி

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகிறது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு மதுரை விமான நிலையம் போக வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வழி கேட்பார்கள். ஐதராபாத்தில் இருக்கும் என் தங்கை நாச்சியாரை வழியனுப்பவும் கூட்டி வரவும் பலமுறை வாசல் வரை போய் வந்தவன் நான். எல்லோருக்கும் ஆகும்படி எழுதி வைத்துவிடலாம் என்று பேனாவை எடுப்பேன். நாலுவழி ரோடு வேலை முடியட்டும், பிறகு எழுதலாம் என்று மூடி வைத்துவிடுவேன். மில்லில் முப்பது வருஷம் உழைத்தவன், படிப்பு எட்டாம் வகுப்பு. நான் எழுதி யார் படிப்பார்கள் என்ற கூச்சமும் உண்டு. போன மாசியில் நான் முதன்முதலாக விமானம் ஏறப் போன அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தாயார் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது.

விஷயம் இதுதான். நாச்சியாரின் பெண் குழந்தைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நான் ஒருவன். "அண்ணே, நீ வராம காதுல ஊசி படாது. ரயில்ல வாரேன்னு சொல்லி ஏமாத்தாத" என்று அவளே எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு ஐம்பதுக்கு விமானம். அதை விட்டால் மறுநாள்தான். மறுநாள் போய்ச் சேருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

ஞாயிறு சாயங்காலமே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், குழந்தைக்குச் செய்த தங்கத் தோட்டை ஆண்டாள் தாயார் சன்னதியில் வைத்து வாங்கினோம். பட்டர் தோட்டோடு இரண்டு துளசி இலையும் சேர்த்துக் கொடுத்தார். அரைக் கிலோ பால்கோவா இருநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

திங்கள் காலை ஆறு நாற்பத்தைந்து. அன்றைக்கு ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது எட்டு மணிக்கு. இப்படி நேரும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரத்திலேயே பயணச் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. இதைப் பரஸ்தானம் வைப்பது என்போம். எதிர்வீட்டு ராஜா அண்ணாச்சி வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு மஞ்சள் துணிப்பையை வைத்தேன்.

"உள்ள என்ன தம்முடு?" என்றார் அண்ணாச்சி. அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னைத் தம்பி என்பதற்குத் தம்முடு என்பார்.

"பழைய வேட்டி அண்ணாச்சி."

"பழைய வேட்டியா ஊருக்குப் போகுது? முக்கியமானத வச்சாத்தான பரஸ்தானம். சாமிய ஏமாத்தக் கூடாதுலே."

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வேட்டியை எடுத்துவிட்டுத் துளசியோடு தோடு, எங்கள் இருவரின் ஆதார் அட்டை, டிக்கெட் தாள் எல்லாவற்றையும் அதில் வைத்தேன். இதைவிட முக்கியமானது எங்கள் வீட்டில் இல்லை.

எட்டு பத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை மாட்டுத்தாவணி போகும் பஸ். ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ரிங் ரோடு வழியா, ஊருக்குள் வழியா? ரிங் ரோடு வழி என்றால் மண்டேலா நகருக்கு டிக்கெட் வாங்குங்கள். எங்களுக்கு ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆனது. தூரம் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரிந்ததும் செண்பகம் ஜன்னல் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ரோட்டின் அகலத்தைப் பார்க்க ஜன்னலில் தலையை நீட்டினாள். முன்பு லாரிக்குப் பின்னால் லாரியாக ஊர்ந்த இடத்தில் இப்போது போக ஒரு பாதை, வர ஒரு பாதை, நடுவில் அரளிச்செடி. டி.கல்லுப்பட்டிப் பக்கம் இன்னும் இரண்டு இடத்தில் பால வேலை பாக்கி. அங்கே மட்டும் மண் ரோட்டில் இறக்கி ஏற்றுகிறார்கள். பழைய ரோட்டில் இரண்டரை மணி நேரம் பிடித்த பயணம், திருமங்கலம், கப்பலூர் கடந்து பத்து மணிக்கெல்லாம் மண்டேலா நகரில் முடிந்துவிட்டது.

"இம்புட்டு சீக்கிரமா வந்து என்ன செய்யப் போறோம்?" என்று சிரித்தபடி செண்பகம் சாமான்களை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் எண்ணினாள்.

"ஏங்க, மஞ்சப் பை?"

பை ராஜா அண்ணாச்சி வீட்டு அலமாரியில் சாமிக்குத் துணையாக இருந்தது. பயணம் தொடங்கிவிட்டது என்ற நிம்மதியில் பயணச் சாமானையே மறந்து வந்திருந்தேன்.

போன் போட்டதும் அண்ணாச்சி சிரித்த சிரிப்பு ரோட்டில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "ஏம் தம்முடு, பைய முன்னால அனுப்பிட்டு நீ பின்னால போவேன்னு பாத்தேன். நீ முன்னால போயி பை பின்னால வருதா?"

"அண்ணாச்சி, சிரிக்காதீக. ஒன்னு அம்பதுக்கு உள்ள கவுண்டர மூடிருவாக. பிள்ளைக்குக் காது குத்தணும்."

"கவலைப்படாத. அடுத்த பஸ்ல கண்டக்டர் கையில குடுத்து விடுதேன்."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். மாத்திரை, சாவி, மறந்த கண்ணாடி, மகளுக்கு ஊறுகாய் எல்லாம் பஸ்ஸில் தனியாகப் பயணம் செய்யும். "மண்டேலா நகர்ல நிக்கேன், மண்டேலா நகர்" என்று இரண்டு முறை சொன்னேன். பத்தரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகச் சொல்லி, பஸ்ஸின் நிறமும் கண்டக்டர் போன் நம்பரும் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் அந்த நிறுத்தத்தில் காத்திருந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து. எதிரில் விமான நிலையம் போகும் ரோடு பிரிகிறது. இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். விமான நிலையம் என்று எழுதிய டவுன் பஸ் மாட்டுத்தாவணியிலிருந்து வந்து திரும்பிப் போவதை நாலைந்து முறை பார்த்தேன். முன்பெல்லாம் இங்கே இறங்கினால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் கூலி. டீக்கடைக்காரரிடம் ஓடுபாதையைப் பற்றிக் கேட்டேன். "நீட்டப் போறாகண்ணே. நெலமெல்லாம் எடுத்து வேலி போட்டாச்சு. பெரிய விமானம் வருமாம். வந்தா நானும் ஒரு பெரிய பாய்லர் வாங்கிருவேன்" என்றார்.

பன்னிரண்டு இருபது. அண்ணாச்சி சொன்ன நிறத்தில் பஸ் வருவது தெரிந்தது. நான் ரோட்டோரம் போய் இரண்டு கையையும் ஆட்டினேன். வழியனுப்ப நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவரும் ஒரு கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

செண்பகம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கண்டக்டருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மாட்டுத்தாவணியில வந்து வாங்கிக்கிருவாகன்னுல்ல அந்தப் பெரியவர் சொன்னாரு!"

அண்ணாச்சியைக் கேட்டேன். "ஆமா தம்முடு. நடுரோட்டுல கைமாத்துனா கீழ விழுந்திரும்னு நாந்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுன்னா பத்திரம்ல?" என்றார். என் மேல் உள்ள பிரியத்தில் ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்.

மாட்டுத்தாவணி போய்த் திரும்ப நேரம் பத்தாது. என்ன செய்வது என்று நிற்கும்போது கண்டக்டரே மறுபடி அழைத்தார். "அண்ணே, நீங்க எங்கயும் அலையாதீக. ஏர்போர்ட் பஸ்ஸு பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு எடுப்பாக. டிரைவர் நமக்குத் தெரிஞ்சவருதான், குடுத்து விடுதேன். நீங்க நேரா ஏர்போர்ட் வாசலுக்குப் போயிருங்க. உள்ள என்ன இருக்கு?"

தங்கம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "துளசி இருக்கு" என்றேன். அதுவும் பொய் இல்லை.

"அப்பச் சரி, மேல ஒன்னும் வைக்காமக் கொண்டாரச் சொல்லுதேன்" என்றார்.

இன்னொரு பஸ்ஸும் கையை ஆட்டிவிட்டுப் போனால் தாங்காது என்று நூற்றைம்பது ரூபாய் ஆட்டோவில் விமான நிலையம் போனோம். டிக்கெட்டும் ஆதாரும் காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். வாசலில் நின்ற காவலர், "போனில் ஆதார் இருக்கிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். என்னுடையது பொத்தான் போன். தள்ளி நின்றோம். வெளியே நல்ல நிழல் கூரை, உட்கார நாற்காலி, குடிதண்ணீர், எல்லாம் இருந்தது. நான் எதிலும் உட்காரவில்லை. தாயே, முன்பின் தெரியாத இரண்டு பேர் கையில் உன் பிரசாதம் வருகிறது, அதை நீதான் கூட்டி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். நாச்சியார் மூன்று முறை போன் செய்தாள். "உள்ள போயிட்டியாண்ணே?" என்று கேட்டபோதெல்லாம் "செத்த நேரத்துல" என்றேன்.

ஒன்று முப்பத்தாறு. பஸ் வளைவில் திரும்பியது. எல்லோரும் பெட்டியோடு இறங்கினார்கள். கடைசியில் டிரைவர் தலையை நீட்டி, "மஞ்சப் பைக்கு யாருங்க அப்பா அம்மா?" என்று கத்தினார்.

ஓடினேன். பை அவர் முன்னால், கண்ணாடியோரம், சாமி படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. படத்துக்குச் சாற்றிய மல்லிகைச் சரத்தில் பாதி பையின் கைப்பிடியிலும் சுற்றியிருந்தது.

"துளசி இருக்குன்னாக. கீழ வைக்க மனசு வரல" என்றார்.

காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "வில்லிபுத்தூரா? அப்ப உங்களுக்கு லேட்டாகாதுங்க, ஓடுங்க" என்றார்.

ஒன்று நாற்பத்தி நாலுக்குக் கவுண்டரில் நின்றோம். வாசலில் உள்ளே விடும்போதே அந்தக் காவலர் என்னைப் பார்த்து, "பை வந்திருச்சா?" என்று சிரித்திருந்தார். விமானம் மேலே ஏறும்போது செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே ரிங் ரோடு நூல் போலத் தெரிந்தது. அதில் ஒரு புள்ளி அந்த பஸ்ஸாக இருக்கும் என்று கும்பிட்டேன்.

மறுநாள் காலை குழந்தை என் மடியில் உட்கார்ந்து, தட்டார் கையைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தாள். தோடு ஏறியதும் அழுகை நின்று, என் மீசையைப் பிடித்து இழுத்தாள். பதினோராம் மாதம் நடக்கும் பிள்ளைக்கு என்ன பலம்! அந்த மஞ்சள் பையைத்தான் அவளுக்கு விளையாடக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை திரும்பினோம். ஐதராபாத் விமான நிலையம் மிகப் பெரிது. அதற்குள்ளேயே ஒரு ஊர் நடக்கிறது. மதுரை நிலையத்தை அதற்கு முன்னால் வைத்துப் பார்த்தால் சின்னதுதான். வளரட்டும், ஓடுபாதை நீளட்டும், ரோட்டில் பாக்கியுள்ள பாலங்களும் முடியட்டும். ஆனாலும் பேர் தெரியாத ஒருவருடைய பைக்குப் பூச்சுற்றி முன்னால் உட்காரவைக்கும் டிரைவர் அந்தப் பஸ்ஸில் இருக்கும் வரைக்கும், நான் இங்கிருந்துதான் கிளம்புவேன்.

பரஸ்தானத்தையும் விடப் போவதில்லை. இனிமேல் பையோடு என் செருப்பையும் ராஜா அண்ணாச்சி வீட்டு வாசலில் விடுவதாக இருக்கிறேன். செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டு போக மாட்டேன் அல்லவா? அதைக் கேட்டு அவர், "அப்ப ராத்திரியே ஒன்னையும் எங்க வீட்டுலயே வச்சிருதேன்" என்கிறார்.

படித்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், போனில் அனுப்புங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே அனுப்புங்கள். ரிங் ரோடு வழி பஸ் என்றால் ரிங் ரோடு வழி பஸ். மண்டேலா நகர் என்றால் மண்டேலா நகர். பிரியத்தினால்கூட ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். யாரோ ஒரு குழந்தை எங்கோ ஓர் ஊரில் தாய்மாமன் மடிக்காகக் காத்திருக்கும்.