நெட்டுக்குத்தலாகத் தைத்த கொடி

சவரிராயன் பாகூர் கடைத்தெருவில் நாற்பத்தைந்து வருடம் தையல்காரராக இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஜூலை பதினாலு விழாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர் அவர்தான். நீலம், வெள்ளை, சிவப்பு. மூன்று துண்டையும் பக்கம் பக்கமாக நெட்டுக்குத்தலாக வைத்து இரண்டு தையல். கண்ணை மூடிக்கொண்டும் தைப்பார்.

அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது. நாற்பத்தேழு ஆகஸ்டில் எல்லைக்கு அந்தப் பக்கம் சுதந்திரம் வந்தது. பாகூரில் இன்னும் பிரெஞ்சு ஆட்சி. நிலக்காரர் வீட்டு உலகநாதன் துணியைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"மூணு கலரு, நடுவுல வெள்ள. சக்கரத்த நானே வரஞ்சிக்கிறேன். சீக்கிரம்பா."

இந்தியக் கொடியைச் சவரிராயன் பார்த்ததில்லை. காவி, வெள்ளை, பச்சை என்று நெட்டுக்குத்தலாகவே தைத்துவிட்டார். ஏரிக்கரைப் பனையில் பறந்த கொடியைப் பார்த்து, கடலூர்ப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேதக்காரன் வேண்டுமென்றே செய்தான், கிறிஸ்தவன்தானே, அவன் பிரெஞ்சுக்காரன் ஆள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

பிறகு ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. பள்ளிச் சீருடை, கல்யாணச் சட்டை எல்லாம் அவரிடம்தான் வந்தன. கொடி மட்டும் வரவில்லை. அதைக் கடலூரில் வாங்கினார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் காவியும் வெள்ளையும் பச்சையும் வாங்கி வைத்துக் காத்திருப்பார். பதினாறாம் தேதி அவர் மனைவி அல்போன்சா அதைத் தலையணை உறையாக்கிவிடுவாள்.

எழுபத்திரண்டில் சுதந்திர வெள்ளிவிழாவுக்காக நூலகத்தில் ஆறு ஞாயிறு உள்ளூர் வரலாற்றுப் பேச்சு நடந்தது. தலைமை உலகநாதன். நான்காம் வாரம் பேச வேண்டியவர் ஜுரத்தில் படுத்துவிட, நூலகர் தணிகைவேல் சவரிராயனைக் கேட்டார்.

"போவாதீங்க," என்றாள் அல்போன்சா. "இருவத்தஞ்சு வருசமா சிரிச்சது பத்தாதா?"

"வூட்ல குந்திருந்தா மட்டும் சிரிக்காம இருக்கானுவளா? ஒரு தபா என் வாயால சொல்லிட்டு வந்துர்றேன்."

அந்த ஞாயிறு நூலகத்தில் எழுந்து நின்று, ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"யோவ் பிரெஞ்சு டைலரு, நெசத்த சொல்லு!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. சவரிராயன் தலைவர் பக்கம் திரும்பினார்.

"தைச்சது நான், தலைவரே. தப்புதான். சக்கரம் வரஞ்சது யாரு?"

உலகநாதன் மேசையிலிருந்த தம்ளரை நகர்த்தி வைத்தார். "நான்தான்."

"மரத்துல கட்னது?"

"நான்தான்."

"விடிஞ்சதும் கீழ நின்னு சல்யூட் அடிச்சது?"

"நாங்க அஞ்சு பேரு." தம்ளரைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். "எங்களுக்கும் தெரில, சவரி. வண்டிக்காரன் சிரிக்கவும் மானம் போச்சி. ஒம் பேர சொல்லிட்டேன்."

மீன்காரக் காசம்மாள், "சல்யூட்டு வேற அடிச்சீங்களாய்யா!" என்றாள். கூட்டம் வெடித்தது. இந்தத் தடவை எல்லாரும் தலைவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சவரிராயனிடம் உலகநாதன் வந்தார்.

"பதினஞ்சாந்தேதி ஸ்கூலுக்குக் கொடி வோணும். தைச்சிக் குடு."

"துணி எங்கிட்டயே இருக்குது. எப்பிடி வைக்கணும்னு இந்த வாட்டி எழுதிக் குடுத்துடு."

உலகநாதன் நோட்டீசின் பின்பக்கத்தில் கொடியை வரைந்து, 'மேலே காவி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருடத்திலிருந்து தலையணை உறைக்கு அல்போன்சா தனியாகத் துணி வாங்க வேண்டியிருந்தது. எண்பத்திரண்டு ஆகஸ்டில் தைத்ததுதான் சவரிராயனின் கடைசிக் கொடி.