எருமைக்கு அவள் சொன்ன பெயர்கள்

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள முதியோர் இல்லமொன்றில் நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் ஒரே தளத்தில் வேலை செய்தோம்; மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஒருநாள் காலை, கஞ்சித் தட்டை அவள் கைதவறிக் கொட்டிவிட்டாள். துடைக்க வேண்டியவள் நான். "எருமை மாடு" என்று முணுமுணுத்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எருமை என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வேறொன்றும் சட்டென்று தோன்றவில்லை. வயல் உழும் பெரிய கறுப்பு மாடு என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "கலபாவ்! எங்கள் தகாலோக் மொழியில் கலபாவ். என் கணவர் இலோக்கானோக்காரர், நுவாங் என்பார். செபுவில் என் அண்ணிக்கு அது கபாவ். மலேசியாவில் வேலை செய்தபோது கெர்பாவ் என்றார்கள். ஓயாமல் உழைப்பவரை நாங்கள் கலபாவ் என்போம். என் அப்பாவை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. நான் களைத்திருப்பதைப் பார்த்துத்தானே சொன்னாய்?"

நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து எழும்பிய யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர், நடைவண்டியைப் பிடித்தபடி முதன்முறையாகத் தாழ்வாரத்தின் அந்தம் வரை நடந்தார். அவள் கைதட்டி, "எருமை! எருமை!" என்று கத்தினாள்.

அவர் நின்றுவிட்டார். "ஆர் எருமை? ஆர் உனக்கு உந்தச் சொல்லைச் சொல்லித் தந்தது?" என்றவர் என்னைப் பார்த்தார்.

"அவ தெரியாமச் சொல்லிப்போட்டா, அங்கிள்" என்றேன்.

அவருடைய மகள் நிர்வாகத்திடம் முறையிட்டாள். பிலிப்பைன்ஸ் பெண்ணை வேறு தளத்துக்கு மாற்றினார்கள். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று மின்தூக்கியில் என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

நான்காம் நாள் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதியவரிடமும் சொன்னேன். "பாவம், அந்தப் பிள்ளையை நான் ஏசிப்போட்டன். நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். கடைசியாக அவளிடம் போய், எங்கள் மொழியில் அது வசை என்று சொன்னேன்.

அவள் கையுறைகளை மெதுவாகக் கழற்றினாள்.

"அப்படியென்றால் அன்று என்னைத்தான் திட்டினாயா?"

"ஆம்."

"என் அப்பாவைப் பற்றி உன்னிடம் சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான்.

அவள் எங்கள் தளத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். முதியவர் இப்போது அவள் கையைப் பிடித்தே நடக்கிறார். எனக்கும் தினமும் காலை வணக்கம் சொல்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு மேசையில் உட்காருகிறாள்.