பெட்டிக்குள் இருந்தவர்

போன வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் பேருந்து நகராமல் நின்றுவிட்டது. முன்னாலும் கன்டெய்னர் லாரி, பின்னாலும் கன்டெய்னர் லாரி. லேசாகத் தூறல் விழுந்ததும், வெந்த இரும்பு நனைகிற வாசனை ஜன்னல் வழியே வந்தது. தேசப்பன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. சொல்லலாம் என்று பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் திரும்பினேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினார். எனக்கு வீட்டிலும் பேச ஆளில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இள வயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்குத் திருவொற்றியூரில் ஓர் ஏற்றுமதி யார்டில் வேலை கிடைத்தது. மிளகாய் வற்றலைக் கன்டெய்னரில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புவோம். காகித வேலை என்னுடையது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அங்கே கூட வேலை பார்த்த தேசப்பன் அண்ணன், எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்துக்காரர். காலிக் கன்டெய்னர் பெட்டி வந்ததும் அதற்குள் போவார். நான் வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ் போடவேண்டும். கும்மிருட்டில் நின்று, எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டுவார். நான் திறப்பேன். அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டால் தண்ணீர் இறங்கிச் சரக்கெல்லாம் பூசணம் பிடித்துவிடும்.

"வெளிச்சம் தெர்ஞ்சா பேஜாரு நைனா. இருட்டாக் கீதா, அதான் நமக்கு நல்லது" என்பார்.

ஒரு வருடம் ஒரு மூட்டைகூடக் கெடவில்லை. முதலாளிக்கு ஏக சந்தோஷம். ஒரு மத்தியானம் கேடயத்தோடு வந்து இறங்கினார். காகிதத்தில் எல்லாம் என் கையெழுத்து இருந்ததால், கேடயம் எனக்காம்! போட்டோக்காரரும் கூடவே வந்திருந்தார். அப்போதுதான் அண்ணனை உள்ளே விட்டுத் தாழ் போட்டிருந்தேன். கூப்பிட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடியவன், அவரைச் சுத்தமாக மறந்துபோனேன். முதலாளி பேசினார். வரிசையாகக் கிடந்த பெட்டிகளுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். கைதட்டலில் வேறெந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை.

வாயில் லட்டு இருக்கும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் திறந்தேன். வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்து, கண் கூச அண்ணன் இறங்கினார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இன்னா நைனா, உள்ள ஒரு ஆள் கீறான்னு மறந்துட்டியா?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"வுடு. மேல மூலைல ஒரு ஓட்டை கீது. வட்டம் போட்டுகீறேன், பாத்து அடைக்கச் சொல்லு."

முதலாளி அப்போதுதான் காரில் ஏறிக்கொண்டிருந்தார். கேடயம் அண்ணனுக்குச் சேரவேண்டியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயம் என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொடுக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம்.

போன வாரம் பேருந்து நகர்ந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஒரு வார்த்தையை அண்ணனிடமாவது சொல்லிவிடலாம் என்று நெட்டுக்குப்பத்தில் விசாரித்துக்கொண்டு போனேன். யார்டு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கூட வேலை பார்த்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ. அண்ணன் வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார்.

"அவுரு தவறிப் பூட்டாரு சார். ரெண்டு வருசம் ஆவுது."

கேடயம் வாங்கிய அன்று எடுத்த அதே படம் சுவரில் ஒட்டியிருந்தது. ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார்கள்.

"இதுல நீ எங்கய்யா கீறேன்னு நாங்க சிரிப்போம். பின்னால மூடிக்கினு கீதே, அந்தப் பொட்டிக்குள்ள நான் கீறேன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு."

அண்ணன் விரல் பட்டுப் பட்டு, படத்தில் அந்தப் பெட்டி மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"நீங்க யாரு சார்?" என்று கேட்டார்.

கேடயத்தோடு சிரிப்பவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.