பாதியில் விட முடியாத பலகை

மரச்சாமான் பட்டறையில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். பஞ்சுபோல மெத்தென்று இருப்பாள் என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். அவள் வாயைத் திறந்தால் முதலாளியே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். குச்சியில் செருகிய பஞ்சு பிரஷ் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது, அதனால் வந்த பெயர் அது. ஸ்பிரே அடிக்கிற ஆண்களுக்கு அந்தப் பிரஷ்ஷைக் கண்டாலே இளக்காரம்.

"என்னக்கா, பாத்திரம் தேய்க்கிறதைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்பார்கள்.

"ஆமாப்பா, உன் வாயைத் தேய்க்கத்தான்."

முதலாளியின் கவலை வேறு. ஒருமுறை பூசிவிட்டுக் குப்பையில் போடுகிற சாமானை அவரால் பொறுக்கவே முடியாது. கழுவி வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். கழுவின பஞ்சு பிய்ந்து பொடிப்பொடியாகப் பூச்சில் ஒட்டும், பிறகு பலகையையே மறுபடி தேய்க்க வேண்டும். "நீங்க வந்து தேய்ப்பீங்களா?" என்று அவள் கேட்ட பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அவளுடைய புருஷனும் அதே பட்டறையில் ஸ்பிரே அடித்தவர்தான். கதவைக் கண்ணாடியாக்குகிற கை என்று பேர் வாங்கினவர். முகமூடி மூச்சை முட்டுகிறது என்று கழற்றிக் கழற்றி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் அடித்தார். நுரையீரல் எத்தனை காலம்தான் தாங்கும்? படி ஏற முடியாமல் போயிற்று, பிறகு நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் போயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட, கட்டிலும் ஆக்சிஜன் குழாயுமாகக் கிடந்தார்.

அதுவரை உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவள் அவர் படுத்த பிறகுதான் பூச்சு வேலைக்கு வந்தாள். ஸ்பிரே பக்கமே போகமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு, வாடை குறைந்த தண்ணீர் வார்னிஷும் பஞ்சு பிரஷ்ஷும் கேட்டு வாங்கினாள். ஸ்பிரேயில் கலக்கிற தின்னர் வாடையோடு வீட்டுக்குப் போனால் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் உட்கார முடியாது. அவர் போகிற நேரத்தில் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். அவள் வேறெதையும் கேட்கவில்லை.

ஆனால் பூச்சு வேலையில் ஒரு தொல்லை உண்டு. பஞ்சை டப்பா விளிம்பில் லேசாக அழுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அடுத்த இழுப்பு முந்தினதன் ஈர ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் நின்றால் ஓரம் காய்ந்து கோடு விழும். கோடு விழுந்தால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட நாத்தனாரிடம் அவள் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தாள்.

"போன் ஒரு தடவை அடிச்சா, முடிச்சுட்டு நானே கூப்பிடுறேன். ரெண்டு தடவை அடிச்சா, போட்டது போட்டபடி ஓடி வந்துடுறேன்."

ஒரு தடவை வந்ததெல்லாம் மாத்திரை டப்பாவைக் காணோம், சர்க்கரை தீர்ந்துபோச்சு என்கிற சமாச்சாரங்கள்தான். இரண்டு தடவை என்பது ஒருநாளும் வந்ததில்லை.

அன்றைக்குப் பெரிய சாப்பாட்டு மேஜை, கடைசிப் பூச்சு. பாதியைத் தாண்டவில்லை, மேலங்கிப் பையில் போன் அடித்தது. அடித்து நின்றது. அவள் கையை நிறுத்தாமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டாள். மறுபடி அடிக்கவில்லை. 'சர்க்கரையாத்தான் இருக்கும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த இழுப்பை இழுத்தாள். அதற்கடுத்ததையும் இழுத்தாள். அந்தக் கோடி வரைக்கும் போய், ஓரத்தில் வழிந்ததைத் துடைத்து, பிரஷ்ஷைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். எதிர்முனையில் நாத்தனாரின் அழுகைதான் கேட்டது.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது, கை மட்டும் இன்னும் சூடாகத்தான் இருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அதை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்தாள். பிறகு பட்டறையையே நடுங்க வைக்கும் குரலில் நாத்தனார் மேல் பாய்ந்தாள்.

"ரெண்டு தடவை அடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! ஏன் அடிக்கல?"

"ரெண்டாவது தடவை அடிக்கத்தான் போனேன், அண்ணி. அண்ணன்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"எதுக்கு?"

"'பெரிய மேஜைன்னு காலையில சொல்லிட்டுப் போனா. இப்ப நடுவுல இருப்பா. கோடு விழுந்துடும், விடு'ன்னு ஒவ்வொரு வார்த்தையா மூச்சு வாங்கிச் சொன்னார்."

காலையில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தபோது, இன்றைக்கு எட்டுப் பேர் உட்காருகிற மேஜை என்று பெருமையடித்துக்கொண்டது அவள்தான்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணும் பேசல, அண்ணி. வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்."

மேஜையின் மிச்சப் பாதியை அவள் பூசி முடிக்கிற வரைக்கும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு, "ஒரு கோடுதானேங்க, தேய்ச்சிருப்பேனே, தேய்ச்சிருப்பேனே" என்று அவரிடமே சொல்லிச் சொல்லி அழுதாள்.