பூஜையில் வைத்த ஹாண்டில்

என்னுடைய காரைப் பற்றி வலியசாலை அக்ரஹாரத்தில் இன்றைக்கும் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு உடம்பு கூசும். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் அது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடம் பாதி விலைக்கு வாங்கினேன். வக்கீல் தொழிலில் அப்போதுதான் நாலு பேர் என்னைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. "என் வண்டியை நானே பார்த்துக்கொள்வேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடியற்காலையில் எழுந்து, பசுவைக் குளிப்பாட்டுவதுபோல அதைக் கழுவுவேன். முன் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பேன். அப்புறம் நான் குளித்துவிட்டு வந்து வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். கோவிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதற்காகத்தான் அவ்வளவும்.

ஆரியசாலைக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். மார்த்தாண்டத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர். வண்டி வாங்கிய அன்றே என்னை நிறுத்தி வைத்துப் பாடம் சொன்னார். "சாமி, வெளிய கழுவுனா போராது. தெனமும் காலையில மூடியத் தூக்கி ரேடியேட்டர்ல வெள்ளம் இருக்கான்னு பாக்கணும். இந்தக் கம்பிய உருவி எண்ணெ பாக்கணும். வாரம் ஒருக்கா சக்கரத்துக்குக் காத்து. இது மூணும் செஞ்சா வண்டி உங்கள ஒருநாளும் கைவிடாது, கேட்டியளா?"

கேட்டேன். ஒரு மாதம் செய்தேன். பிறகு விட்டுவிட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணெய்க் கம்பியைத் தொட்டால் கையெல்லாம் கறுப்பாகும். குளித்து மடியாக நிற்கிறவன் மறுபடி குளிக்க வேண்டும். குளிப்பதற்கு முன்னாலேயே பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் விளக்குகளைத் தேய்ப்பதில் போய்விடும். மூடிக்குள்ளே இருப்பதைத் தெருவில் யார் பார்க்கப் போகிறார்கள்? மெக்கானிக்கைச் சாலைக் கடைவீதியில் காணும்போதெல்லாம் "எண்ணெ பாக்கியளா சாமி?" என்பார். "பார்க்காமலா?" என்பேன், வாய் கூசாமல்.

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எஞ்சினில் டக டக என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கரமனைப் பாலத்து ஏற்றத்தில் அது பலமாகக் கேட்டது. உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். மூடியைத் திறந்து பார்க்கப் பயம். ஷெட்டுக்குக் கொண்டுபோக வெட்கம். இத்தனை நாள் பொய் சொன்னது தெரிந்துவிடுமே! கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக மெதுவாக ஓட்டினேன். துர்காஷ்டமி வந்தபோது எனக்கு உள்ளூர நிம்மதி. இனி விஜயதசமி வரைக்கும் வண்டியைத் தொட வேண்டியதில்லை. குழந்தைகளின் புஸ்தகங்கள், என் சட்டப் புஸ்தகங்கள், ஸ்பானர், காற்றடிக்கும் பம்பு எல்லாவற்றையும் பூஜையில் வைத்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியைச் சுழற்றிக் கிளப்பும் ஹாண்டிலைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தேன். அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறவர், பரம சாது, அவருடைய அப்பாவுக்கு ஒரே பிள்ளை. கையில் தந்தி.

"அண்ணா, நாகர்கோவில்லே அப்பாவுக்கு ரொம்ப மோசமாக்கும். மத்தியான பஸ் போயாச்சு. வாடகைக் கார் எல்லாம் பூஜையிலே இருக்கு, ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கறான். பிராணன் இருக்கறச்சே ஒரு வாய் ஜலம் விடணும் அண்ணா. கொண்டுவிட முடியுமா?"

நாற்பது மைல். அந்த டக டக சத்தத்தோடு பாறசாலை தாண்டுவோமா என்பதே எனக்குச் சந்தேகம். வழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவருடைய அப்பாவைப் பற்றிய கவலை இல்லை அது. தெரு என்ன சொல்லும் என்ற கவலை. என் கண் பூஜை அறைப் பக்கம் போனது.

"வண்டியைப் பூஜையிலே வெச்சாச்சே" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டுத்துணியில் இருந்த ஹாண்டிலைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் மனைவி வந்து, "ஒரு தேங்காய் ஒடச்சு எடுத்துக்கலாமே. உயிர் காரியமாக்கும். அம்பாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றாள்.

"சாஸ்திரம் உனக்குத் தெரியுமா? உள்ளே போ!" என்று கத்தினேன். அவள்மேல் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

"வேண்டாம் மன்னி, அண்ணா சொல்றது செரியாக்கும்" என்று அவரே அவளைச் சமாதானப்படுத்தினார். "பதற்றத்திலே நான் யோசிக்கலை. ஸாரமில்லை, பரவாயில்லை அண்ணா. கார்த்தாலே பஸ்ஸிலே போறேன்."

போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விஜயதசமியன்று பூஜை எடுத்ததும் வண்டியை ஆமை வேகத்தில் ஷெட்டுக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் கம்பியை உருவினார், துணியால் துடைத்தார், மறுபடி விட்டு உருவினார். நுனியில்கூட ஈரம் இல்லை. என் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

"எண்ணெயே இல்லியே சாமி. இதாக்கும் சத்தம்."

எண்ணெய் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காது வைத்துக் கேட்டார். சத்தம் நின்றுபோயிருந்தது. "பாக்கியம். உள்ள ஒண்ணும் கெடல்ல" என்றார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "நேற்று எண்ணெய் ஊற்றியிருந்தால் நாகர்கோவில் வரைக்கும் போயிருக்குமா?"

"நாகர்கோவிலா? கன்னியாகுமரி போயிட்டு வந்திருக்கும்."

"நேற்று ஆயுத பூஜையாச்சே, கடை எல்லாம்..."

"எனக்கென்ன சாமி பூஜை? நாள் முழுக்க இங்கதான் சும்மா இருந்தேன். ஒரு ஆளும் வரல்ல" என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஷெட்டுக்கு நடந்தே பத்து நிமிஷம். ஹாண்டிலை எடுக்கக்கூட வேண்டாம்; போய்ச் சொல்லியிருந்தால் எண்ணெயும் ஹாண்டிலுமாக அவரே வந்திருப்பார். தலை குனிந்து நின்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எண்ணெய் பார்க்காததற்காக வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, "போட்டு சாமி, விடுங்க, எல்லாருக்கும் மறதி உண்டும்" என்று தேற்றினார்.

காரியங்கள் முடிந்து எதிர்வீட்டுக்காரர் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்த அன்று, நான் போய்த் துக்கம் கேட்பதற்கு முன்னால் அவர் என் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருந்தார், என்னிடம். "பூஜையிலே இருக்கற வண்டியைக் கேட்டேனே அண்ணா, மகா தப்பு. அப்பா போனதுக்கு அதுவும் ஒரு காரணமோன்னு தோணறது." இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. என் மனைவி கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் மனசிலே வெச்சுக்காதீங்கோ" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள்கூட எண்ணெய் பார்க்காமல் நான் வண்டியை எடுத்ததில்லை. குளிப்பதற்கு முன்னால், முதல் வேலையாக. விளக்குகள் மங்கிப்போயின. தெருவில் அதைக் கவனித்தவர்கள்கூட எனக்கு அனுஷ்டானம் முற்றிவிட்டது, ஆடம்பரம் விட்டுப்போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் துர்காஷ்டமியன்று சாயங்காலம், ஹாண்டிலைப் பூஜையில் வைக்க எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு பெரிய பூமாலையோடு வந்தார். அவர் சம்பளத்துக்கு அது அதிகம்.

"வண்டிக்காக்கும். போன வருஷம் பண்ணின அபசாரத்துக்கு ஒரு பிராயச்சித்தமா இருக்கட்டும். நீங்களே போடுங்கோ அண்ணா."

வாங்கினேன். வாங்கியிருக்கவே கூடாது. வண்டியின் முன்னால் போய் அதை மாட்டினேன். அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"நீளம் போறுமா அண்ணா?" என்று கேட்டார்.

"போறும்" என்றேன்.