பெண் பார்க்க வந்த அண்ணன்

எழுபதுகளின் கடைசியில் என் அக்காவைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் சங்கரன்கோவிலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் சாதிக்குள் பல கிளைகள் உண்டு. தாயின் கிளைதான் பிள்ளைகளுக்கும். ஒரே கிளைக்காரர்கள் முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் உடன்பிறந்தவர்கள் முறை. கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. தரகரோ விவரம் தெரியாமல் எங்கள் அப்பாவின் கிளையைச் சொல்லிவிட்டிருந்தார்.

காபி குடிக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில் என் அம்மாவிடம் கிளையைக் கேட்டார். பதிலைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதே கிளைதான். அப்போ நீங்க எனக்கு அக்கால்லா!"

அக்கா அழுதுகொண்டே அறைக்குள் ஓடிவிட்டாள். அப்போது அந்த மாப்பிள்ளை எழுந்து அறை வாசலில் போய் நின்றார்.

"ஏன் தங்கச்சி அழுவுத? உனக்கு மாப்பிள்ளை பாக்கது இனி என் பொறுப்பு."

ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் எண்ணினோம். ஆனால் சில மாதங்களில் சிவகிரியிலிருந்து ஒரு வரனோடு வந்து நின்றார். "கிளையை நானே நேர்ல போய் விசாரிச்சிட்டேன் பெரியம்மா" என்றார் சிரித்துக்கொண்டே.

எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர்தான். எத்தனை பெரிய மனது என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம். அவர் தாலி கட்டியபோது, நாத்தனார் முடிச்சுப் போட்டது என் அக்கா.